புத்தளக் கரையும் பிள்ளை மனமும்

இலங்கையின் வடமேற்குக் கரையிலே, சிலாபத்திலிருந்து வடக்கு நோக்கி முந்தல் ஏரியையும் புத்தளக் களப்பையும் தழுவிக் கற்பிட்டிக் குடாநாட்டின் முனைவரை நீண்டு கிடக்கும் நிலம், கடல்வழி வந்தோரைப் பன்னூறு ஆண்டுகளாகக் கண்டு பழகிய நிலமாகும். 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ தேசத்துப் பயணியாகிய இப்னு பதூதா இலங்கையில் வந்திறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த 'பத்தாலா' என்னும் பட்டினம் புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கற்பிட்டியிலே கோட்டை கட்டினர். 'தமிழ் புளூட்டாக்' என்னும் புலவர் சரித்திரத்தை 1859இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, 1807இல் அதே கற்பிட்டியிலே பிறந்தவர். உப்பளமும் தென்னந்தோட்டமும் மீன்வாடியும் நிறைந்த இக்கரையிலே முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் அயலவராக வாழ்ந்து வருகின்றனர். பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் விகாரையும் ஒரே தெருவழியில் அமைந்திருத்தலை இங்கே காணலாம்.

வணிகரையும் பயணிகளையும் கண்ட அக்கரை, 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே வேறொரு கூட்டத்தைக் கண்டது. கையில் ஒரு துணிமூட்டையும் இடுப்பில் ஒரு குழந்தையுமாகப் படகுகளிலிருந்து இறங்கிய குடும்பங்களின் கூட்டம் அது. அக்கூட்டத்திலிருந்த பிள்ளைகளுக்கு அதன் பின்னர் நிகழ்ந்தது என்ன? அவர்களின் உள்ளத்தைப் பேணுதற்கு எவை செய்யப்பட்டன, எவை செய்யப்படாமல் விடப்பட்டன? இவ்வினாக்களே இப்பேச்சின் பொருளாகும். ஊர்களின் சரித்திரமும் அரசுகளின் சரித்திரமும் எழுதப்படுவது வழக்கம். பிள்ளைகளின் மனத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதனை எழுதிவைப்போர் மிகச் சிலரே.

நிகழ்ந்ததை முதலிற் சுருங்கக் கூறுதல் வேண்டும். 1990 ஜூன் மாதத்தில் அரசாங்கத்துக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்குமிடையே யுத்தம் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஒக்டோபரில், வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் தம் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளை விட்டு முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் கட்டளையிட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் நாள் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்த எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் மக்கள் கடற்கரைக்குச் சென்று, கிடைத்த படகுகளில் ஏறித் தெற்கே கற்பிட்டியை நோக்கிச் சென்றனர். ஏனையோர் தரைவழியாக நடந்தும் வாகனங்களிலும் வவுனியாவை அடைந்து, அங்கிருந்து சிதறினர். வெளியேற்றப்பட்டோரின் தொகை 72,000 முதல் 75,000 வரை எனக் கணிக்கப்படுகிறது. அவருள் மிகப் பெரும்பாலோர் தங்கிய இடம் புத்தளம் மாவட்டமே.

வந்தவர்களை முதலில் ஏற்றது அரசாங்கமுமன்று, வெளிநாட்டு நிறுவனமுமன்று, புத்தளத்து ஊரவரே. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. வீடுதோறும் அரிசி சேர்த்துப் பெரும் பாத்திரங்களிற் சோறாக்கிப் பகிர்ந்தளித்தனர். தென்னந்தோட்டம் உடையவர்கள் தம் காணியிலே குடிசை போட இடங்கொடுத்தனர். அவ்வாறு கற்பிட்டி வீதியோரமாக ஆலங்குடா, நுரைச்சோலை ஆகிய இடங்களிலும், புத்தளம் நகரை அடுத்த தில்லையடி, பாலாவி ஆகிய இடங்களிலும் கிடுகு வேய்ந்த குடிசை வரிசைகள் எழுந்தன. சில மாதங்களுக்கு என எண்ணி அமைத்தவை அவை. அவற்றுட் பல 20 ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தன. கிடுகு மக்கியபோது மீண்டும் வேய்ந்தனர்; பின்னர்ச் சிலர் கல்லாற் கட்டினர்; முகாம் என்ற பெயர் மாத்திரம் மாறாமல் நின்றது.

முகாமிலே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அட்டை வழங்கப்பட்டது. அதிலே தலைவரின் பெயரும் உறுப்பினர் தொகையும் இருந்தன. அத்தொகைக்கேற்ப அரிசியும் பருப்பும் சீனியும் அளக்கப்பட்டன. நிவாரணம் கொடுக்கும் அரசாங்கம் அம்மக்களைக் குடும்பம் குடும்பமாகவே எண்ணிற்று என்பது இங்கே கருதத்தக்கது. வயிற்றுக்கு உணவு அளிப்பதற்கு இது சரியான முறை. பிள்ளையின் பசியைத் தாயின் அடுப்பிலிருந்து பிரித்து நோக்க ஒருவரும் முயலவில்லை. பிள்ளையின் மனத்தைப் பற்றிய நோக்கோ அவ்வாறு அமையவில்லை. பல ஆண்டுகளாக அத்தகைய நோக்கே இருக்கவில்லை எனலாம். வந்த காலத்திலும், பிள்ளையைத் தனியே நிறுத்திப் பார்க்கும் நோக்காகவே அது பெரும்பாலும் வந்தது.

அப்பிள்ளைகள் இழந்தவை எவை? வீடும் விளையாட்டுச் சாமானும் மாத்திரமல்ல. எந்த ஒழுங்கையிற் போனால் எந்த மாமியின் வீடு வரும் என்ற அறிவை இழந்தனர். ஒரே வகுப்பில் இருந்தவர்கள் நான்கு முகாம்களிற் பிரிந்தனர். யாழ்ப்பாணத்திற் கடை வைத்திருந்த தந்தையைக் கூலி வேலைக்குக் காத்து நிற்பவராகக் கண்டனர். குடாநாட்டின் மணற்றரையில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் பயிரிடும் தோட்டங்களுக்கு, முன்பு வீட்டை விட்டு வேலைக்குச் சென்றறியாத தாய்மார் நாட்கூலிக்குப் போயினர். பின்னர் அவருட் பலர் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றனர். பாட்டியின் பொறுப்பில் வளர்ந்த பிள்ளைக்கு, தாய் என்பவள் ஈராண்டுக்கு ஒருமுறை பெட்டியோடு வந்து போகும் விருந்தாளியாயினள்.

இத்தகைய இழப்புகள் பிள்ளையின் வாயிலிருந்து சொல்லாக வருவதில்லை, நடத்தையாகவே வெளிப்படும். ஏழு வயதுப் பிள்ளை மீண்டும் பாயை நனைக்கும். கலகலப்பாக இருந்த சிறுமி பேச்சைக் குறைப்பாள். ஒருவன் காரணமின்றி அடித்துச் சண்டையிடுவான். மற்றொருவன் காலையிலே வயிற்றுவலி என்று சுருண்டு படுப்பான். தாயின் சீலைத்தலைப்பை விடாமற் பற்றிக்கொள்ளும் பிள்ளையும் உண்டு. வீட்டார் இவற்றைப் பிடிவாதம் என்பர்; பாடசாலை இவற்றை ஒழுங்கீனம் என்னும். இடநெருக்கடியால் மாலை வேளையில் நடத்தப்பட்ட வகுப்புகளில், பகல் முழுதும் வெயிலில் திரிந்து களைத்து வந்த பிள்ளை தூங்கி விழுந்தால், அது சோம்பல் எனப்பட்டது. சத்தம் போடாமல் ஒரு மூலையில் இருந்த பிள்ளையை நல்ல பிள்ளை என்று மெச்சினர். அதன் மௌனத்தை ஒருவரும் விசாரிக்கவில்லை.

இதிற் புத்தளத்தவரைக் குறைகூறுதல் நியாயமாகாது. அக்காலத்தில் நாடு முழுவதுமே இவ்விஷயத்திற் பின்தங்கியிருந்தது. உளநோய் என்றால் கொழும்பை அடுத்த அங்கொடை என்பதே பொதுமக்கள் அறிந்தது. 1926 தொடக்கம் அங்கே பெரிய மனநோய் வைத்தியசாலை இருந்து வருகிறது. அப்பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவதும், பெரியவர்களைப் பரிகசிப்பதும் வழக்கமாயிருந்தன. உளமருத்துவர் மிகச் சிலர். அவருட் பெரும்பாலோர் பெரிய நகரங்களில் இருந்தனர். கற்பிட்டியிலிருந்து நோயாளியை அழைத்துச் செல்வதற்கு ஒருநாட் கூலியும் பஸ் கட்டணமும் வேண்டும். அதற்கும் மேலாக, அயலார் என்ன சொல்வாரோ என்னும் அச்சத்தைக் கடக்கும் துணிவும் வேண்டும். மகளுக்கு நாளை வரன் பார்க்க வேண்டிய தாய் அத்துணிவை எங்கிருந்து பெறுவாள்?

பிள்ளையின் மனம் குடும்பத்தோடு பிணைந்தது என்னும் உண்மையை உலகம் அறிந்ததும் ஒரு யுத்தத்தின் மூலமே. 1939 செப்டெம்பரில் ஜெர்மனியரின் குண்டுவீச்சுக்கு அஞ்சிய பிரித்தானிய அரசாங்கம், சில நாட்களுக்குள் ஏறத்தாழ 15 இலட்சம் பேரை நகரங்களிலிருந்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பிற்று. அவருட் பெரும்பாலோர் பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள். அக்காலத்தில் லண்டன் ஹாம்ஸ்டெட் பகுதியிலே யுத்தகாலச் சிறுவர் இல்லங்களை நடத்திய அனா பிராய்ட் அம்மையாரும் அவருடைய தோழியார் டொரத்தி பர்லிங்ஹாமும் ஒரு செய்தியைக் கவனித்தனர். குண்டு விழும் நகரிலே தாயின் அணைப்பில் இருந்த பிள்ளை பெரும்பாலும் தேறியிருந்தது. பாதுகாப்பான கிராமத்திலே தாயைப் பிரிந்திருந்த பிள்ளையே அதிகம் குலைந்து போயிருந்தது. 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜோன் போல்பி எழுதிய அறிக்கை இக்கருத்தை உலகெங்கும் பரப்பிற்று.

அமெரிக்காவிலே இக்கருத்து வேறொரு வழியில் வளர்ந்தது. 1909இல் சிகாகோ நகரில் வில்லியம் ஹீலி என்னும் வைத்தியர், நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட சிறுவரின் நடத்தைக்குக் காரணம் தேடும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதன்பின் பல நகரங்களிற் சிறுவர் வழிகாட்டு நிலையங்கள் தோன்றின. ஆயினும், கடும் துன்பத்திலிருந்த பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதிகளிற் சேர்ப்பதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. 1974இல் வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரிலே அவ்வழக்கத்துக்கு மாறான ஒரு முயற்சி தொடங்கிற்று. பிள்ளையைப் பிரித்தெடுக்கும் நிலைக்கு வந்துவிட்ட குடும்பத்தின் வீட்டுக்கே பயிற்சி பெற்ற பணியாளர் செல்வார். ஒரே காலத்தில் இரண்டு குடும்பங்களை மாத்திரம் அவர் ஏற்பார். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு, இரவு பகல் எவ்வேளையும் அழைத்தால் வருவார். கோபத்தை அடக்கும் வழியைக் கற்பிப்பதோடு, அடுப்புப் பழுதானால் அதனைத் திருத்தவும் உதவுவார்.

1980களில் அம்முயற்சி மேலும் விரிந்தது. பிள்ளையைச் சுற்றி அதன் பெற்றோர், உறவினர், ஆசிரியர், அயலவர், வைத்தியர் ஆகியோரை ஒன்றாக அமர்த்தி, ஒரே திட்டத்தின்கீழ் எல்லாரும் துணைபுரியும் முறை பல மாநிலங்களிலே தோன்றிற்று. ஒரு போர்வையைப் பிள்ளையைச் சுற்றிப் போர்த்துவது போன்ற முறை என அதற்குப் பெயரிட்டனர். இம்முறைகளைப் பற்றிப் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் கூறுதல் நேர்மையாகும். சில இடங்களில் நற்பயன் விளைந்தது. சில இடங்களில் எதிர்பார்த்த அளவு விளையவில்லை. பணியாளரின் பயிற்சி குன்றியபோதும், வீட்டின் வறுமை தொடர்ந்தபோதும் பயன் குறைந்தது. எனினும் பிள்ளையைத் திருத்துவதற்கு வீட்டை விட்டுவிட்டு வழியில்லை என்னும் அடிப்படை நிலைத்தது.

இனி இலங்கைக்கு மீள்வோம். வடக்கிலும் கிழக்கிலும் யுத்தத்தின் நடுவே இத்துறையில் உழைத்தோர் இருந்தனர். யாழ்ப்பாணத்திலே உளமருத்துவர் தயா சோமசுந்தரம், யுத்தம் தனி மனிதரை மாத்திரமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் ஒருசேரக் காயப்படுத்துகிறது என்பதைத் தம் எழுத்துகளில் விளக்கி வந்தார். அங்கே சாந்திகம் என்னும் நிறுவனம் உளவளத்துணைப் பணியை நடத்திற்று. மட்டக்களப்பிலே 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை ஆரம்பித்தனர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக வந்து, களிமண் பிசைந்தும், சித்திரம் தீட்டியும், கதை புனைந்தும், நாடகம் ஆடியும் மாதக்கணக்காகப் பழகினர். ஒருவருக்கொருவர் அஞ்சி வளர்ந்த ஊர்களின் பிள்ளைகளுக்கு அது பெரும் வரமாக அமைந்தது.

புத்தளத்து முகாம்களிலும் தொண்டு நிறுவனங்கள் பாலர் பாடசாலைகளை அமைத்தன. மாதர் சங்கங்களையும் சிறு சேமிப்புக் குழுக்களையும் ஊக்குவித்தன. இவற்றை உளநலப் பணி என்று ஒருவரும் அழைக்கவில்லை. ஆயினும் காலையிலே பிள்ளை போவதற்கு ஓர் இடமும், மாலையிலே தாய் மனம்விட்டுப் பேசுவதற்கு ஒரு கூட்டமும் இருந்தமை பெரிய மருந்தாயிற்று. பள்ளிவாசலின் ஓதற்பள்ளியும், நோன்பு காலத்துக் கஞ்சியும், பெருநாளும் நாட்களுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தன. எருக்கலம்பிட்டியார் எருக்கலம்பிட்டியாரோடு ஒரே முகாமில் சேர்ந்து குடியேறியதால், அறிந்த முகங்கள் சூழ வளரும் பேறு சில பிள்ளைகளுக்கேனும் கிட்டிற்று. ஊர் போயிற்று, ஊரவர் ஓரளவு எஞ்சினர்.

இலங்கையில் நிகழ்ந்த ஆய்வுகள் சில இவ்விடத்திற் கவனிக்கத்தக்கவை. யுத்தமும் 2004ஆம் ஆண்டுச் சுனாமியும் ஒருங்கே தாக்கிய வடகிழக்குப் பகுதிப் பிள்ளைகளை ஆராய்ந்து கிளாடியா கட்டானி குழுவினர் 2008இல் வெளியிட்ட கட்டுரை, வீட்டினுள் நிகழும் அடியும் தந்தையின் மதுப்பழக்கமும் பிள்ளையின் உளநோயோடு தொடர்புற்றிருத்தலை எடுத்துக்காட்டிற்று. 2010இல் கேயித்ரி பெர்னாண்டோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு, வறுமை, வீட்டுக் கொடுமை போன்ற அன்றாடத் துன்பங்கள் இளையோரின் மனத்தை வெகுவாக அழுத்துவதை வெளிப்படுத்திற்று. குண்டு ஒருமுறை வெடித்து ஓயும். குடிசையின் நெருக்கமும், தந்தையின் வேலையின்மையும், இரவுச் சண்டையும் நாள்தோறும் வருபவை.

பாடசாலையில் மாத்திரம் அளிக்கப்படும் உதவியின் எல்லையை 2012இல் வீட்சே டோல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. வடபகுதியில் 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகள் அதில் இடம்பெற்றனர். ஐந்து வாரங்களில் 15 அமர்வுகளாக விளையாட்டும் உரையாடலும் அமைந்த பயிற்சி, ஒரு பகுதியினருக்கு அளிக்கப்பட்டது. முடிவில், முதன்மையாகக் கருதிய உளநோய்க் குறிகளிலே மொத்தமாக நோக்குமிடத்து முன்னேற்றம் காணப்படவில்லை. நடத்தைக் கோளாறுகள் குறைவதற்கு அது உதவிற்று. சிறுமியருள் அதிர்ச்சிக் குறிகள் தணியும் வேகம், பயிற்சி பெறாதோரைவிடப் பயிற்சி பெற்றோரிடம் குறைவாக இருந்தது. இது பயிற்சியாளரின் உழைப்பைக் குறைகூறும் செய்தியன்று. வகுப்பறையில் ஒரு மணி நேரம் ஆறுதல் பெற்ற பிள்ளை மாலையில் அதே வீட்டுக்கும் அதே யுத்தச் சூழலுக்குமே திரும்பிச் செல்கிறது என்பதை மறந்து எந்தத் திட்டமும் வெற்றிபெறாது என்னும் எச்சரிக்கை அது.

புத்தளத்தையே களமாகக் கொண்ட ஆய்வு ஒன்றும் உண்டு. செஸ்மால் சிறிவர்தன என்னும் வைத்தியரும் அவருடைய குழுவினரும், 20 ஆண்டுகளுக்கு மேலாக இடம்பெயர்ந்து வாழ்ந்த முஸ்லிம் மக்களிடையே, 141 குடியிருப்புகளிலிருந்து 18 முதல் 65 வயது வரையான 450 பேரைத் தெரிந்து விசாரித்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். பொதுவாகக் காணப்படும் உளநோய்களுள் ஒன்றேனும் உடையவர் நூற்றுக்கு 18.8. கொடிய நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் மனக்கண்ணில் தோன்றி வருத்தும் அதிர்ச்சி நோய் உடையவர் நூற்றுக்கு 2.4 மாத்திரமே. உடலில் நோய் காணப்படாமலே வலியும் களைப்புமாக வெளிப்படும் துன்பம் உடையவரோ நூற்றுக்கு 14. வேலையின்மையும் கைம்மையும் உணவுப் பற்றாக்குறையும் இந்நோய்களோடு தொடர்புற்றிருந்தன.

இவ்வெண்களின் பொருளை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். ஒக்டோபர் 1990இற் சிறுவராயிருந்தோர் ஆய்வு நடந்த காலத்தில் வளர்ந்து, அவ்வயதெல்லைக்குள் வந்துவிட்டனர். படகையும் துப்பாக்கியையும் நினைந்து நடுங்குவோர் அம்மக்களிடையே சிலரே. தலைவலி, நெஞ்சு அடைப்பு, கைகால் உளைவு என்று மருந்தகத்தின் வாங்கிலிற் காத்திருப்போர் பலர். மனத்தின் துயரை உடலின் மொழியிற் கூறுவது நம் மக்களின் இயல்பு. 'மனம் சரியில்லை' என்றால் ஊர் சிரிக்கும். 'தலை இடிக்கிறது' என்றால் ஒரு குளிசையும் ஓர் அனுதாபச் சொல்லும் கிடைக்கும். தலைவலியோடு படுத்திருக்கும் தாயின் வீட்டிலேதான் வயிற்றுவலியோடு பாடசாலைக்குப் போக மறுக்கும் பிள்ளையும் இருக்கிறது. ஒரே துயரம் இரண்டு உடல்களிற் பேசுகிறது. தாய்க்கு ஒரு குளிசையும் பிள்ளைக்கு ஒரு தண்டனையும் அதனைத் தீர்க்குமா?

ஆகவே பிள்ளைக்குச் செய்யும் உளநலப் பணி வீட்டுப் படியை ஏற வேண்டும். இலங்கைக்கு இது புதிய வழியன்று. 1926இல் களுத்துறையிலே முதலாவது சுகாதார அலகு ஆரம்பிக்கப்பட்ட காலம் தொட்டு, மருத்துவமாது வீடு தேடிச் செல்லும் வழக்கம் நாட்டிலே வேரூன்றிற்று. கருவுற்ற பெண்ணை வீட்டிலே கண்டு, குழந்தையை நிறுத்து, பாலூட்டும் முறையைக் கற்பித்து, தடுப்பூசிக்கு நாள் குறித்துக் கொடுக்கும் அப்பெண்மணியாலேயே இந்நாட்டின் தாய் சேய் மரணங்கள் பெரிதும் குறைந்தன. வைத்தியசாலைக்கு வர அஞ்சிய தாய், தன் முற்றத்துக்கு வந்த மருத்துவமாதுக்கு அஞ்சவில்லை. 2005இல் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கையும், உளநலச் சேவை பெரிய வைத்தியசாலைகளோடு நில்லாமல் ஊர்களுக்குச் செல்ல வேண்டும் என்றே கூறிற்று. 2007இல் ஐக்கிய நாடுகளின் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் கூடி வகுத்த வழிகாட்டி நூலும், அடிப்படைத் தேவைகளும் குடும்ப, சமூக ஆதரவும் அடித்தளமாக அமைய, சிறப்பு மருத்துவம் அவற்றின் உச்சியில் அமைதல் வேண்டும் என விதித்தது.

நடைமுறையில் இப்பணி எவ்வாறு அமையும்? பயிற்சி பெற்ற ஒருவர் வாரந்தோறும் அவ்வீட்டுக்குச் செல்வார். முதற்சில நாட்கள் கேட்பதே அவருடைய வேலை. பிள்ளையின் குற்றத்தை விசாரிக்குமுன் தாயின் உறக்கத்தை விசாரிப்பார். பிள்ளை எப்போது சினக்கிறது, அதற்குமுன் வீட்டில் என்ன நிகழ்ந்தது, பின்னர் யார் என்ன செய்தார் என்பவற்றைப் பொறுமையோடு அறிவார். உம்மாவும் வாப்பாவும் பாட்டியும் மாமாவும் சேர்ந்து, இந்த வாரம் செய்யக்கூடிய ஒன்றிரண்டு சிறிய மாற்றங்களைத் தாமே தெரிந்துகொள்வர்: ஒரே நேரத்தில் உறங்கச் செல்லுதல், அடிக்குப் பதிலாக வேறொரு கண்டிப்பு, வெளிநாட்டிலுள்ள தாயோடு பேசுவதற்கு ஒரு குறித்த நாள். வகுப்பாசிரியர், மௌலவி, கிராம உத்தியோகத்தர் ஆகியோரும் அத்திட்டத்தை அறிந்திருப்பர். மருந்து வேண்டுமெனின் வைத்தியரிடம் கூட்டிச் செல்வார். உணவு இல்லையெனின் அதற்கும் வழிதேடுவார். பட்டினியாய் இருப்பவரிடம் பொறுமையைப் போதித்துப் பயனில்லை.

இதற்குச் செலவு உண்டு, ஆட்குறை உண்டு, ஏற்கெனவே சுமை மிகுந்த மருத்துவமாதின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றிவிடுவதும் தகாது. ஆகையாற் கடும் துன்பத்திலுள்ள சில வீடுகளுக்கு மாத்திரம் இத்தகைய நெருங்கிய துணையும், ஏனைய வீடுகளுக்குப் பாடசாலை, பாலர் பாடசாலை, மாதர் சங்கம் ஆகியவற்றின் பொதுத் துணையும் என வகுத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. எல்லாப் பிள்ளைகளையும் நோயாளர் எனக் கருதுதல் பெருந்தவறு. முகாமில் வளர்ந்தோருள் ஆசிரியராகவும் வைத்தியராகவும் வணிகராகவும் உயர்ந்தோர் பலர். அவர்களைத் தாங்கிய தூண்கள் எவை எனக் கேட்டறிதலும் இப்பணியின் பகுதியாகும்.

2009இல் யுத்தம் முடிந்தது. சிலர் மன்னாருக்கும் முசலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டனர். காடு படர்ந்த காணியும் கூரையற்ற சுவரும் அவர்களை எதிர்கொண்டன. பலர் இரண்டு இடத்திலும் காலூன்றினர்: தந்தை வடக்கே காணி திருத்த, தாயும் பிள்ளைகளும் பாடசாலையின் பொருட்டுப் புத்தளத்திலே தங்கினர். இவ்வாறு இரண்டாம் முறையும் குடும்பம் பிரிந்தது. வட பகுதி முஸ்லிம்களைப் பற்றி மானிடவியலாளர் ஷாரிகா திராணகம 2011இல் வெளியிட்ட நூல், இரு தலைமுறையினரிடையே தோன்றிய வேற்றுமையை எடுத்துரைத்தது. பெற்றோருக்கு ஊர் என்றால் வடக்கு. புத்தளத்திலே பிறந்து வளர்ந்தவர்க்கோ அறிந்த ஊர் புத்தளமே. அங்கேயோ அவர்கள் நெடுங்காலம் 'அகதி' என்றே அழைக்கப்பட்டனர். பாடசாலை இடத்துக்கும், தொழிலுக்கும், பல்கலைக்கழக அனுமதிக்கும் போட்டி எழுந்தபோது, சோறு கொடுத்து வரவேற்ற ஊரிலும் கசப்புத் தோன்றிற்று. இரு பக்கத்தாரின் பிள்ளைகளும் அக்கசப்பைத் தம் வீடுகளிற் கேட்டே வளர்ந்தனர்.

1990இல் ஐந்து வயதிலே கற்பிட்டிக் கரையில் இறங்கிய பிள்ளைக்கு 2025ஆம் ஆண்டில் 40 வயது. அவர் தாயாகவோ தந்தையாகவோ ஆகிவிட்டார். அன்று அவருக்குக் கிட்டாத கவனிப்பை அவருடைய பிள்ளைக்கேனும் கிட்டச் செய்தல் இயலும். அதுவும் அவரை விட்டுப் பிள்ளையை மாத்திரம் அழைத்தாற் கைகூடாது, அவ்விருவரையும் ஒருசேர நோக்கினாலே கைகூடும். நிவாரண அட்டையிலே குடும்பத்தை ஒரு தொகையாக எண்ணத் தெரிந்த நாட்டுக்கு, உள்ளத்தைப் பேணும் பணியிலும் அவ்வாறே எண்ணுவது அரிதன்று. புத்தளக் கரையிலுள்ள பாடசாலை ஒவ்வொன்றிலும், காலையில் வயிற்றுவலி என்று வரும் பிள்ளையிடம் 'வீட்டில் எல்லாரும் சுகமா?' என்று ஓர் ஆசிரியர் கேட்பாராயின், கேட்டபின் அவ்வீட்டுக்கு ஒருவரை அனுப்பவும் கூடுமாயின், அப்பணி தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.